விருந்தாளிப் பட்டியலுக்கு என்ன விலை?

மத்திய வீதியிலோ உட்துறைமுக வீதியிலோ ஒரு கடை கை மாறும்போது என்னென்ன பேசப்படும் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. கீ மணி எவ்வளவு, இறாக்கையில் இருக்கும் சரக்கின் பெறுமதி என்ன, கடன் கொப்பியில் வராத காசு எவ்வளவு, கட்டடச் சொந்தக்காரர் புதியவரின் பெயருக்கு ஒப்பந்தம் எழுதித் தருவாரா. இதெல்லாம் முடிந்த பிறகுதான் முற்பணம் கைமாறும். கடையும் இல்லாத, சரக்கும் இல்லாத ஒரு வியாபாரத்தை வாங்கும்போது எதைப் பார்த்து விலை பேசுவது? இந்தக் கேள்வி இப்போது நமது மாவட்டத்து வியாபாரிகளிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

கூடாரம், கதிரை, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஆலோசனை கேட்டார். நமது பகுதி இளைஞர் ஒருவர் விருந்து அழைப்புக்கான சிறிய இணையத்தளம் ஒன்றைச் செய்து நடத்தி வருகிறார். வலீமா, வீடு குடிபுகுதல், பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று எதுவானாலும் அழைப்பவர் விபரத்தைப் பதிந்தால் ஓர் இணைப்புக் கிடைக்கும். அதை வட்ஸ்அப்பில் அனுப்பினால், வருகிறோமா இல்லையா, எத்தனை பேர் என்பதை விருந்தாளிகளே குறித்துவிடுவார்கள். ஒரு விசேடத்துக்கு அழைப்பவர் 1,500 ரூபா கட்டுகிறார். இளைஞருக்குக் கத்தாரில் வேலை கிடைத்திருக்கிறது. தளத்தை 8 இலட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா என்பதே சகோதரரின் கேள்வி.

இதன் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சஹன் சாப்பாடு வைக்கும் நமக்கு ஆட்கணக்குத்தான் பெரிய தலைவலி. ஒரு சஹனுக்கு ஆறு பேர் என்று கணக்குப் போட்டு ஐம்பது சஹன் ஆக்கியபின், நாற்பதுக்குத்தான் ஆள் வந்தது என்றால், இன்றைய அரிசி, இறைச்சி விலையில் அது சிறிய நட்டமல்ல. அந்த நட்டத்தைக் குறைக்கும் எதற்கும் ஒரு விலை உண்டு.

ஆனால் அந்த 8 இலட்சத்துக்குள் என்ன இருக்கிறது? மென்பொருளா? அதைக் கொழும்பில் வேறோர் இளைஞர் புதிதாக எழுதித் தருவார். வட்ஸ்அப் நிறுவனமே 2024ஆம் ஆண்டு முதல் நிகழ்வொன்றை உருவாக்கி வருகையைக் கேட்டறியும் வசதியை இலவசமாகத் தருகிறது. ஆகவே மென்பொருளுக்காகப் பெரிய தொகை கொடுப்பது வீண். வாங்கப்படுவது இரண்டு விடயங்கள்தாம். ஒன்று, 'அதில் போட்டால் சரியாக வரும்' என்று ஊர் மக்களுக்கு ஏற்பட்டிருக்கும் பழக்கம். மற்றது, யார் வீட்டில் எப்போது விசேடம், யார் யாருக்கு அழைப்பு என்ற பட்டியல்.

இந்த இரண்டையும் பெரிய நிறுவனங்கள் எப்படிக் கையாண்டன என்று பார்ப்பது நல்லது. 'அப்கமிங்' என்பது ஊர்களில் நடக்கும் நிகழ்ச்சிகளைப் பாவனையாளர்களே பதிந்து பகிரும் சிறிய தளம். ஐக்கிய அமெரிக்காவில் அன்டி பையோ என்பவர் 2003இல் தொடங்கினார். 2005இல் யாஹூ அதை வாங்கியது. 2013 ஏப்ரலில், சில நாள் அவகாசம் மட்டும் கொடுத்து இழுத்து மூடியது. ஆண்டுக்கணக்கில் மக்கள் பதிந்து வைத்ததெல்லாம் அழியும் நிலை. மறு ஆண்டு அந்தப் பெயரை யாஹூவிடமிருந்து திரும்ப வாங்கியவர் அதே பையோதான்.

அதைவிட நமக்குப் பொருத்தமானது 'மீட்அப்' கதை. ஒரே விருப்பமுள்ளவர்கள் நேரில் கூடுவதற்காக நியூயோர்க்கில் 2002இல் தொடங்கப்பட்ட சேவை இது. அலுவலக இடங்களை வாடகைக்கு விடும் வீவேர்க் நிறுவனம் 2017இல் இதை ஏறத்தாழ 15 கோடி 60 இலட்சம் டொலருக்கு வாங்கியது. மீட்அப்பில் கட்டணம் கட்டி வந்தவர் கூட்டத்தைக் கூட்டுபவர், வருபவர் அல்ல. 2019 ஒக்டோபரில் அந்த முறையைப் புரட்டிப் பார்த்தார்கள். கூட்டுபவரின் கட்டணத்தை மாதம் 2 டொலராகக் குறைத்து, வருகையை உறுதிப்படுத்தும் ஒவ்வொருவரிடமும் 2 டொலர் வாங்கும் பரீட்சார்த்தம். வலீமாவுக்கு வருபவரிடம் வாசலில் நின்று காசு கேட்பதைப் போன்ற வேலை! கூட்டங்களை நடத்தி வந்தவர்களே கொதித்தெழுந்தார்கள். மாற்றுத் தளம் செய்யவும் சிலர் முனைந்தார்கள். 2020 மார்ச்சில் வீவேர்க் அதை விற்றுவிட்டது. 2024 ஜனவரியில் இத்தாலிய நிறுவனம் ஒன்றிடம் மீண்டும் கை மாறியது.

அருகில் இந்தியாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சென்னையில் 2007இல் தொடங்கிய 'டிக்கெட்நியூ', நிகழ்ச்சிகளுக்கு அனுமதிச் சீட்டு விற்கும் 'இன்சைடர்' இரண்டும் பேடிஎம் நிறுவனத்திடம் இருந்தன. 2024 ஓகஸ்டில் சொமாட்டோ 2,048 கோடி இந்திய ரூபாவுக்கு அவற்றை வாங்க உடன்பட்டது. எனக்குப் பிடித்தது விலையல்ல. பழைய செயலிகளிலேயே 12 மாதம் வரை சீட்டு விற்பனை தொடரலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டதுதான். பழைய பெயர்ப் பலகையை ஒரு வருடம் தொங்கவிட்டால் வாடிக்கையாளர் வழி தவறமாட்டார் என்பது கடை நடத்தியவர்களுக்குப் புரியும்.

இனி நமது சகோதரரிடம் வருவோம். பேச்சுக் கொடுத்தபோது அவரது உள்ளெண்ணம் வெளிவந்தது. 1,500 ரூபா வருமானத்தில் அவருக்கு அக்கறை இல்லை. யார் வீட்டில் விசேடம் என்பது மற்ற வாடகைக்காரர்களுக்குத் தெரியுமுன் தனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசி எடுத்துக் கதிரையைப் பேசி முடிக்க வேண்டும். வியாபாரக் கண்ணால் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் நான் இதற்கு உடன்படவில்லை. மூதூரில் ஒரு தகப்பன் மகளின் வலீமாவைப் பதிந்த மறுநாளே கதிரைக்காரரிடமிருந்து அழைப்பு வந்தால் அவர் என்ன நினைப்பார்? அடுத்த வீட்டுக்காரரிடம் என்ன சொல்வார்? மூன்று வீட்டில் இப்படி நடந்தால் நான்காவது வீட்டுக்காரர் அந்தத் தளத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். வாங்கிய பொருளை வாங்கியவரே கெடுக்கும் வழி இது.

அந்த எண்கள் இளைஞரின் சொத்துமல்ல. விருந்துக்கென்று கொடுக்கப்பட்ட அமானிதம். பெயர், வணிகக் குறி போன்ற கண்ணுக்குத் தெரியாத உரிமைகளுக்கும் பணப் பெறுமதி உண்டு, ஏமாற்றும் மறைப்பும் இல்லாதவிடத்து அவற்றை விலைக்கு மாற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988இல் குவைத் அமர்விலேயே முடிவு சொல்லியிருக்கிறது. பெயரை விற்பதற்கு அது இடம் தருகிறது. பிறர் நம்பித் தந்த விபரத்தை வேறு தேவைக்கு விற்பது வேறு கதை. நாட்டின் சட்டமும் அந்தத் திசையில்தான் போகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொள்வது 8 இலட்சத்துக்கு முன் பெரிய செலவல்ல.

கதிரை, கூடாரம் வேண்டுமா என்று தளத்திலேயே பகிரங்கமாக ஒரு விளம்பரம் போடட்டும். விரும்பியவர் அழுத்துவார். அந்த இடத்தை மற்ற வாடகைக்காரர்களுக்கும் காசுக்குக் கொடுத்தால் அதுவும் வருமானம்தான். விசேட வீட்டுக்காரர் கட்டும் கட்டணத்தை ஒரு வருடத்துக்குத் தொடக்கூடாது. விருந்தாளியிடம் ஒரு சதமும் கேட்கக்கூடாது.

விலையைப் பற்றி என் அபிப்பிராயம்: மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். 3 இலட்சம் இப்போது. மிகுதி, ஒரு வருடத்துக்குள் பழைய வாடிக்கையாளர் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்பதைப் பார்த்துத் தவணையாக. இரவு பதினொரு மணிக்கு இணைப்பு வேலை செய்யவில்லை என்று வீட்டுக்காரர் பதறும்போது சரிசெய்து வந்தவர் அந்த இளைஞர்தான். ஆறு மாதமாவது கத்தாரில் இருந்தபடியே உதவுவதாக அவர் எழுதித் தர வேண்டும். அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுப்பதில் தவறில்லை.

அவர் விமானம் ஏற இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தளத்தின் பெயர் எவருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது, கடவுச்சொற்கள் எந்த மின்னஞ்சலில் இருக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெயர் மாற்றத்தை அவர் ஊரில் இருக்கும்போதே முடித்துக்கொண்டு, அதன் பிறகு அந்த 3 இலட்சத்தை எண்ணிக் கொடுக்கட்டும்.