காலி மனையும் ஒரு தீக்குச்சியும்

காட்டுத் தீ என்றால் நமக்கு இரண்டு இடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, டி.வி.யில் பார்த்த கலிஃபோர்னியா. இன்னொன்று குரங்கணி. ‘செங்கல்பட்டு மாவட்டத்தில் காடே இல்லையே, காட்டுத் தீ எங்கிருந்து வரும்?’ என்று கேட்பவர்கள், பங்குனி மாதத்தில் ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். திருக்கழுக்குன்றம் பக்கமோ செய்யூர் பக்கமோ, எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம்.

வழியெல்லாம் ‘அவென்யூ’க்கள், ‘கார்டன்’கள், ‘சிட்டி’கள். கார்டனில் ஒரு செடி கிடையாது, சிட்டியில் ஒரு வீடு கிடையாது. ஒரு காலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த பூமி. இப்போது விளைவது மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கல் மட்டும். வாங்கியவர் தாம்பரத்திலோ துபாயிலோ இருக்கிறார். பத்து வருஷமாக மனையைப் பார்க்க வந்ததில்லை. பத்திரம் மட்டும் பீரோவில் பத்திரம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மனைகளில் புல் இடுப்பளவு வளர்கிறது. சீமைக் கருவேலம் தன் பங்குக்கு மண்டுகிறது. முன்பெல்லாம் இந்தப் புல்லை மாடு மேய்ந்துவிடும். இப்போது முள்கம்பி வேலி இருப்பதால் மாடு உள்ளே போக முடியாது. மாசி பிறந்ததும் புல் காய்ந்து, பட்டாசுத் திரி மாதிரி ஆகிவிடுகிறது. கடலோரத்தில் சவுக்குத் தோப்பு என்றால் கேட்கவே வேண்டாம். அடியில் மெத்தை போலச் சவுக்குச் சருகு கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருபது குடிசைகள். பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்தவை, ஒன்றோடு ஒன்று ஒட்டியவை.

இதை எழுத எனக்கு வன இயல் படிப்பு தேவைப்படவில்லை. நான் படித்தது பி.காம். அதில் சொல்லிக்கொடுத்த வரவு செலவுக் கணக்கே போதும். மனையின் விலை ஏறினால் லாபம் மனைக்காரருக்கு. அது ஏறும் வரை காத்திருக்கிற காலத்தில் வளரும் நெருப்பு யார் கணக்கில்? அடுத்த வேலிக்காரன் கணக்கில். இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரிடமாவது நீட்டிப் பாருங்கள், முகத்தில் விட்டெறிவார்.

‘சும்மா பயமுறுத்தாதீங்க சார்’ என்பவர்களுக்காக ஹவாய்த் தீவில் நடந்ததைச் சொல்கிறேன். மாவி தீவில் லஹைனா என்று ஒரு கடலோர ஊர். நம் மாமல்லபுரம் மாதிரி பழைய ஊர், சுற்றுலா ஊர். சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அந்த ஊர்ச் சர்க்கரை ஆலை 1999-ல் மூடப்பட்டது. கரும்பு போன நிலம் தரிசாகக் கிடந்தது. மாட்டுத் தீவனத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கினியாப் புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் அதில் பரவின. நம் விவசாயிகளுக்கும் தெரிந்த புல்தான். 2023 ஆகஸ்ட் 8-ம் தேதி அறுந்து விழுந்த மின்கம்பியால் தீப்பிடித்தது. பலத்த காற்று. சுமார் நூறு பேர் செத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாகின. தப்பிக்க வழியில்லாமல் கடலில் குதித்தவர்கள் உண்டு.

அங்கே அடித்தது அசாதாரணக் காற்று. அதே அளவில் இங்கே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், எரிந்தது காடல்ல, சொந்தக்காரன் கவனிக்காமல் போட்ட நிலம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நம் குப்பங்களுக்கும் பின்னால் கடல்தான். கோடையில் மேலைக் காற்று அடிக்கிற நேரத்தில் மேற்கே புல் பற்றிக்கொண்டால், முன்னால் நெருப்பு, பின்னால் அலை. இருபது குடிசை எரிவதற்குப் புயல் வேண்டியதில்லை.

தீ எப்படிப் பிடிக்கிறது? தானாகப் பிடிப்பதில்லை. வாங்க ஆள் வருகிறார், மனையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆள் வைத்து வெட்டினால் கூலி. தீக்குச்சி கிழித்தால் ஒன்றுமில்லை. அது வேலி தாண்டிப் போனால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. அப்புறம் ‘எலி பிடிக்க வந்த இருளர்கள்தான் வைத்திருப்பார்கள்’ என்று ஒரு பேச்சு கிளம்பும். நெருப்பு வைத்தவனைவிட நெருப்பில் வீடு போனவன் மேல் பழி போடுவது சுலபம். அலட்சியமாகத் தீயைக் கையாண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாயிரம் ரூபாய்! மனையைச் சுத்தம் செய்கிற கூலியோடு ஒப்பிட்டால் அபராதம் கட்டுவது லாபமாக இருக்கும் போல.

சரி, எரிந்த குடிசைக்கு என்ன விலை? மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிகளில் தீயும் ஒரு பேரிடர்தான். 2022-26 காலத்துக்கான அந்தப் பட்டியலில், சமவெளியில் முழுதாக அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000. தமிழக அரசே 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தின்போதுதான் குடிசைக்கான தொகையை 5,000-லிருந்து 8,000 ஆக்கியது. குடிசை என்றால் என்ன என்று அந்த விதியிலேயே விளக்கமும் உண்டு. ஓலை, மண், பிளாஸ்டிக் ஷீட் வைத்துக் கட்டியது, கச்சா வீட்டைவிடத் தாழ்ந்தது! அந்த வார்த்தையை எழுதிய அதிகாரி எந்த வீட்டில் குடியிருந்தாரோ.

இந்த 8,000-ஐ வாங்குவதற்குள் படுகிற பாடு இருக்கிறதே, அது தனிக் கதை. தீ முதலில் தின்பது தகரப்பெட்டியை. அதற்குள்தான் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் டி.சி., பாங்க் பாஸ்புக் எல்லாம். இருளர் வீடு என்றால் சாதிச் சான்றிதழும். வருஷக்கணக்கில் அலைந்து வாங்கிய காகிதம் அது. நிவாரணம் கேட்டுப் போனால் முதல் கேள்வியே ‘ஆதாரம் எங்கே?’ எரிந்துபோச்சு சாமி. ‘எரிந்துபோனதற்கு ஆதாரம்?’ இப்படி ஒரு கேள்வியை நெருப்புகூடக் கேட்காது. மீனவர் குடும்பம் என்றால் வலை. நைலான் வலை உருகிக் கட்டியாகிவிடும். அடுத்த நாளிலிருந்து கடன்.

‘ஏன் இன்னமும் ஓலை வீட்டில் இருக்கிறார்கள்? திட்டம்தான் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 2010-ல் 21 லட்சம் குடிசைகளை கான்கிரீட் வீடாக்குவதாகக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் அறிவித்தார்கள். வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்றார்கள். ஆனால், பட்டா வேண்டும். ஏரிக்கரைப் புறம்போக்கில் இரண்டு தலைமுறையாக இருக்கிறவனுக்குப் பட்டா எங்கிருந்து வரும்? வடநெம்மேலியில் 1978-லிருந்து பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தி, இந்தியாவுக்கே விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுத்த சமூகம் இது. 2023-ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்து அழகு பார்த்தோம். பட்டா என்றால் மட்டும் ‘அடுத்த வாரம் வாப்பா’.

நம் அரசுகளுக்கு நெருப்பைக் கண்டால் சுரணையே வராது என்றும் சொல்ல முடியாது. 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகு, பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரை கூடாது என்றார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. இரண்டுமே நல்ல காரியங்கள். ஆனால், பிணம் எண்ணிய பிறகு வந்தவை. குப்பத்துக்கும் விதி வர எத்தனை எண்ண வேண்டும்?

கல்பாக்கத்தில் அணு விபத்து நேர்ந்தால் எப்படி வெளியேறுவது என்று சுற்றுப்புற கிராமங்களில் ஒத்திகை நடத்துகிறார்கள். நடத்தத்தான் வேண்டும். அதே கிராமத்தில் ஓலை பற்றினால் எந்த வழியாக ஓடுவது, தீயணைப்பு வண்டி எந்தச் சந்தில் நுழையும் என்று ஒரு நாள் நடத்திக் காட்டக் கூடாதா? நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி 2013-லிருந்து தினம் பத்துக் கோடி லிட்டர், 2024-லிருந்து இன்னொரு பதினைந்துக் கோடி லிட்டர் என்று சென்னைக்கு அனுப்ப ஆலைகள் இருக்கின்றன. குழாய் போகிற வழியிலுள்ள ஊர்களுக்குத் தீயணைக்க ஆளுக்கொரு வால்வு வைத்தால் சென்னையின் தாகம் கூடிவிடாது. 2019-ல் சீன அதிபர் வருகிறார் என்றதும் மாமல்லபுரத்தைச் சில நாட்களில் துடைத்து வைத்தவர்களுக்கு, சில ஊராட்சிகளில் புல் வெட்டுவது பெரிய வேலையா?

நகரங்களில் காலிமனை வரி என்று ஒன்று உண்டு. ஊராட்சிக்கும் ஓர் அதிகாரம் கொடுங்கள். தை முடிவதற்குள் மனைக்காரர் புல்லை வெட்டாவிட்டால் ஊராட்சி வெட்டும், கூலியை இரண்டு மடங்காக அவரிடம் வசூலிக்கும், கட்டாவிட்டால் மனையை விற்கும்போது பத்திரப் பதிவில் பிடிக்கும். பதிவு அலுவலகம் என்றால் நம் ஆட்கள் வழிக்கு வந்துவிடுவார்கள்.

அதுவரை, இதைப் படிக்கிற உங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு மனை இருந்தால், பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். குடிசைகள் இருக்கிற பக்கத்தில் வேலியோரம் முப்பது அடிக்காவது புல்லை வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதை மாட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், கொளுத்தச் சொல்லாதீர்கள். கூலி உங்களுடையது.