பழி பருப்பின் மேல்

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் அழற்சியைக் குறைக்கும் உணவு பற்றித்தான் பேச்சு. சியா விதை, அவகாடோ, மஞ்சள் மாத்திரை என்று பட்டியல் நீள்கிறது. உடம்புக்குள் சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியை இவை தணித்துவிடுமாம். இருக்கலாம். தணிந்ததா இல்லையா என்பது சாப்பிட்டவருக்கே தெரியப்போவதில்லை. அதனால் எதை விற்றாலும் விலைபோகிறது. சாப்பாடும் அழற்சியும் நேருக்கு நேர் மோதிக்கொள்வதைப் பார்க்க ஆசைப்பட்டால், கவுட் என்ற மூட்டு நோய் வந்த ஒருவரின் கால் கட்டைவிரலைப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சூடு, வலி நான்கும் அங்கே ஒரே இடத்தில் குடியிருக்கும்.

மதுரையில் இருக்கும் என் பெரியப்பா மகன் கறிக்குப் பேர்போனவர். ஈரல் வறுவல், குடல் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை நெஞ்செலும்பு சூப், சேர்க்கை சரியாக இருந்தால் இரண்டு பீர். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த இரவு, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். “நல்லாத்தான்டா படுத்தேன். ஃபேன் காத்து பட்டாலே உசுரு போகுது” என்று மறுநாள் போனில் சொன்னார். போர்வை நுனி உரசினால்கூடத் தாங்க முடியாத வலி அது.

விரலுக்குள் நடப்பது இதுதான். செல்கள் அழியும்போதும், சில உணவுகள் செரிக்கும்போதும் பியூரின் என்ற பொருள் உடைந்து யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் இதை மேலும் உடைக்க ஒரு நொதி உண்டு. நம் குரங்கு மூதாதையர் பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே அதைத் தொலைத்துவிட்டார்கள். எனவே நமக்குச் சிறுநீரகம்தான் கதி. ரத்தத்தில் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், கரைந்திருந்தது ஊசி ஊசியாகப் படிகமாகலாம். உடம்பின் மற்ற இடங்களைவிடக் கால்விரலில் குளிர்ச்சி அதிகம் என்பதால் அங்கே படிவது இன்னும் சுலபம். வெள்ளையணுக்கள் அந்த ஊசிகளை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் அபாய மணி அடிக்கின்றன, கூட்டம் கூடிவிடுகிறது. மணி எங்கே இருக்கிறது என்பதை 2006-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் யூர்க் சாப் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1962-இல், மெக்கார்ட்டி, ஃபேர்ஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், குற்றவாளி படிகம்தான் என்று நிரூபிப்பதற்காக அதைத் தங்கள் முழங்காலிலேயே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் இருவரும் வலியில் துடித்தார்கள். ஆராய்ச்சிக்கு அது வெற்றி.

அண்ணனுக்கு வருவோம். யூரிக் ஆசிட் என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் கூடிப் பேசி முதலில் நிறுத்தியது எதைத் தெரியுமா? சாம்பாரை. கூடவே பட்டாணி, காலிஃபிளவர், காளான், பசலைக்கீரை. நம் ஊரில் இது எழுதாத சட்டம். முழு உடல் பரிசோதனையில் 7.2 என்று வந்துவிட்டால் போதும், வலி, வீக்கம் எதுவுமே இல்லாதவர்கூடப் பருப்பைக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். யூரிக் அமிலம் கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. ஆனால் குதிகால் வலித்தாலும் இடுப்பு பிடித்தாலும் யூரிக் ஆசிட் என்றே பேர்.

பருப்பின் மீதான வழக்கு முதலில் நியாயமாகத்தான் தொடங்கியது. பருப்பிலும் காளானிலும் பியூரின் இருக்கிறது. ஆகவே ஆகாது என்று பழைய மருத்துவப் புத்தகங்கள் கணக்குப் போட்டன. சாப்பிட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் குறைவு. 2004-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஹியான் சோய் குழுவினர் அதைச் செய்தார்கள். அமெரிக்காவில் மருத்துவத் துறைகளில் வேலை பார்த்த 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்ததில் 730 பேருக்குப் புதிதாகக் கவுட் வந்தது. இறைச்சியை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட வாய்ப்பு 41 சதவீதம் கூடுதல். கடல் உணவில் 51 சதவீதம். பியூரின் நிறைந்த காய்கறிகளுக்கு, அதாவது பட்டாணி, பயறு, கீரை, காளான், காலிஃபிளவர் எல்லாவற்றுக்கும், கூடுதல் ஏதுமில்லை. பால், தயிர் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு 44 சதவீதம் குறைவு.

அமெரிக்க ஆண்களின் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். சிங்கப்பூரில் சீன வம்சாவளியினரிடம் நடந்த பெரிய ஆய்வொன்று 2015-இல் வெளியானது. அங்கே சோயாவும் மற்ற பயறு வகைகளும் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் குறைவாகவே வந்திருந்தது. கோழியும் மீனும்தான் கூட்டின. இட்லி, சாம்பார், கடைசியில் ஒரு டம்ளர் மோர் என்று முடிகிற சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. (சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதக் கணக்கு வேறு; அவர்கள் தங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.)

சாம்பாரை நிறுத்திய வீட்டில் பீர் நிற்கவில்லை. ‘உஷ்ணத்துக்கு நல்லது’ என்று அதற்கு ஒரு சமாதானம். மது வகைகளில் கவுட்டோடு மிக நெருக்கம் காட்டுவது பீர்தான்: ஆல்கஹாலும் உண்டு, பியூரினும் உண்டு. கூல்டிரிங்க்ஸ் பற்றி யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். கல்லீரல் அதைக் கையாளும் அவசரத்தில் ஆற்றல் மூலக்கூறுகளைச் செலவழித்து யூரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. தினம் இரண்டு முறையோ அதற்கு மேலோ இனிப்பு கூல்டிரிங்க்ஸ் குடித்த ஆண்களிடம் கவுட் வாய்ப்பு 85 சதவீதம் கூடியிருந்ததாக 2008-இல் அதே சோய் குழு எழுதியது. கரும்புச்சாறும் பாட்டில் பழச்சாறும் இயற்கையானவை என்பதால் தப்பித்துக்கொள்ள முடியாது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் ரத்தத்தில் அளவு ஏறும்.

அழற்சிப் பட்டியல்காரர்களை நான் நம்பத் தயங்குவதற்குக் காரணம் மத்தி மீன். ஒமேகா-3 கொழுப்பு நிறைந்தது, விலை குறைவு, பட்டியலில் முதல் வரிசையில் நிற்கும். இதயத்துக்கு அது நல்லது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் மத்தியிலும் நெத்திலியிலும் பியூரின் ஏராளம். கவுட்காரர் வாரத்தில் நாலு நாள் மத்திக் குழம்பு சாப்பிட்டால் விரல் பதில் சொல்லும். ஒரே தட்டு ஒருவருக்கு மருந்து, பக்கத்து இலைக்காரருக்கு வம்பு. யாருக்கு, என்ன நோய்க்கு என்று கேட்காத பட்டியல் கடைக்காரருக்குத்தான் உதவும்.

உணவால் முடிவதும் கொஞ்சம்தான். எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் யூரிக் அமிலம் ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவே இறங்கும், ஏனென்றால் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. உடல் எடை குறைந்தால் பலன் கூடும். பட்டினி கிடந்து அவசரமாகக் குறைத்தால் அந்தப் பட்டினியே வலியைக் கிளப்பிவிடும். அடிக்கடி வலி வருகிறவருக்கு மருந்து வேண்டும். வலி நேரத்துக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கிழங்கைக் கையால் தொட்டு வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள், உயிரை வாங்கும் விஷம் அது. அளந்த மாத்திரை வேறு. 2023-இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் அதை அனுமதித்துவிட்டார்கள்.

யூரிக் அமிலத்தையே குறைக்கும் அலோபியூரினால் தினசரி மாத்திரை. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியது. இருவரும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். இந்த மாத்திரையில் ஒரு கோளாறு. ஆரம்பித்த சில மாதங்களில், பழைய படிகங்கள் கரையும்போது, வலி மறுபடி வரலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அண்ணனும் நிறுத்தினார். மருத்துவர் திட்டிய பிறகு திரும்ப ஆரம்பித்தார். இப்போது யூரிக் அமிலம் 6-க்குக் கீழே நிற்கிறது. சாம்பார் வீட்டுக்குள் வந்துவிட்டது, பீர் போய்விட்டது. ஈரல் விஷயத்தில் அண்ணியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.