சர்க்கார் எங்கே இருக்கிறது?

பத்தாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, "கிராம சபை என்றால் என்ன?" என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர் என்பான். ஐந்து மார்க்குக் கேள்வி அது.

"தெருவிளக்கு பத்து நாளாக எரியவில்லையே, யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று அவனையே கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவான். பக்கத்தில் நிற்கும் அப்பாவும் சேர்ந்து சொறிவார்!

இது பையனின் குற்றம் அல்ல. சமூக அறிவியல் புத்தகத்தின் கடைசியில் குடிமையியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. பரீட்சை நெருங்கும்போது அதை ஓட்டமாக ஓட்டி முடிப்பார்கள். ஜனாதிபதியின் அதிகாரம் வரும். ராஜ்ய சபையின் ஆயுள் வரும். ஊர்க் குழாயில் தண்ணீர் விடுவது யார் என்பது மட்டும் வராது.

சர்க்கார் டில்லியிலும் சென்னைக் கோட்டையிலும் மட்டுமா இருக்கிறது? காலையில் எழுந்ததும் குழாயடியில் இருக்கிறது. அது ஊராட்சி. பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் இருக்கிறது. அது மாநில அரசு. தபால்காரர் கொண்டுவரும் மணியார்டர் மத்திய அரசு. ரேஷன் கடையை நடத்துவது மாநிலம். அங்கே போடும் அரிசியிலோ மத்திய அரசுக்கும் பங்கு உண்டு. பெட்டிக்கடையில் ஒரு சோப்பு வாங்கினால் வரி இரண்டு அரசுக்கும் போகிறது. அந்த வரியைக் கட்டுவது கடைக்காரர் அல்ல, சோப்பு வாங்கிய வீட்டார்தான். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை, இலவசமாகக் கிடைப்பது எதுவும் யாரோ ஒருவர் தம் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளும்.

முன்பெல்லாம் 21 வயதில்தான் ஓட்டு. 1989-ல் அது 18 ஆயிற்று. பிளஸ் டூ முடித்த கையோடு பிள்ளை ஓட்டுப் போடப் போகிறது. நடுவே பழகிக்கொள்ள அவகாசமே இல்லை.

புத்தகத்தில் உள்ளதாவது ஊரோடு ஒத்துப் போகிறதா என்றால் அதுவும் சில சமயம் இல்லை. ஊராட்சிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் 2016-ல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. சில மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை இழுத்தது. அத்தனை காலமும் ஊரில் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. தனி அதிகாரிதான் பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டுகளிலும் பிள்ளைகள் "ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை" என்று எழுதி முழு மார்க்கு வாங்கினார்கள்! ஏன் நடக்கவில்லை என்று ஒரு பெண் எழுந்து கேட்டிருந்தால் அதுவல்லவா நல்ல பாடம்?

"அதெல்லாம் அரசியல், பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். ஆசிரியருக்கும் பயம். ஊர்த் தலைவருக்குக் கோபம் வந்தால் என்ன ஆவது? பயம் நியாயம்தான். ஆனால் கட்சி வேறு, அரசாங்கம் வேறு. கட்சி வரும், போகும். தாலுகா ஆபீஸ் அங்கேயேதான் இருக்கும். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் பிள்ளை நாளை அங்கேதான் போய் நிற்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் வளர்ந்தவர்கள்தான் ஒவ்வொரு காரியத்துக்கும் "ஆளைப் பிடிக்க" அலைகிறார்கள். தரகருக்கும் காசு கொடுக்கிறார்கள்.

மனு எழுதக் கற்றுக் கொடுக்க ஒரு வகுப்பு போதும். "பாதம் பணிந்து வேண்டுகிறேன்" என்று எழுத வேண்டாம். இன்ன தெரு, இன்ன குறை, இன்ன தேதியிலிருந்து என்று நாலு வரி போதும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறை கேட்கும் நாள் என்பதையும், மனு கொடுத்தால் ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். கூலி வேலை செய்யும் தாய்க்கு மகள் எழுதிக் கொடுக்கும் முதல் மனு, எந்தக் கட்டுரைப் போட்டிக்கும் குறைந்தது அல்ல.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் படிக்காத பிள்ளை இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். அதில் ஏழைக்கும் பெண்ணுக்கும் இடம் இல்லை. நிலம் உள்ளவருக்கும் வேதம் படித்தவருக்கும்தான் தகுதி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வர முடியாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். குடத்துக்குள் கை விட்டு ஓலையை எடுத்தவன் யார் தெரியுமா? விவரம் அறியாத ஒரு சிறுவன்! அந்தச் சபையில் அவனுக்கு ஒரு வேலை இருந்தது.

இன்றைய பையனுக்கு? ஜனவரி 26-லும் ஆகஸ்டு 15-லும் பள்ளியில் கொடி ஏற்றுகிறார்கள். மிட்டாய் கொடுத்து ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதே நாளில் அதே ஊரில் கிராம சபை கூடுகிறது. பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கேதான் வாசிக்கிறார்கள். பையனுக்கு ஓட்டு இல்லை, பேச உரிமை இல்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்து கேட்க யார் தடுக்கப் போகிறார்கள்? மிட்டாயைச் சப்பிக்கொண்டே கேட்கட்டும். தெருவிளக்குக்கு எவ்வளவு செலவு என்று வாசிக்கும்போது, தன் தெரு விளக்கு எரியாததை அப்பாவின் காதில் சொல்லட்டும். அப்பா எழுந்து கேட்பார்.