கேபிளைத் தரையில ஓட விடாதீங்க சாமி!

கார் ஒர்க்‌ஷாப்புல மெஷினுக்குப் போற கரண்ட் கேபிள் தலைக்கு மேலதான் போகணும், தரையில போகக் கூடாது. இந்தப் பதிவோட சாராம்சம் இவ்ளோதான். அவசரமா இருக்கறவங்க இத்தோட எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

பொழப்பு கோடு அடிக்கறதுன்னாலும் நான் படிச்சது ட்ரிபிள் ஈ. அதனால சொந்தக்காரங்க வீட்டுல ஃபேன் சுத்தலைன்னாலும் எனக்குத்தான் போன் வரும். இப்போ கோயமுத்தூர்ல சித்தப்பா பையன் சொந்தமா ஷெட் போடறான். ரெண்டு டூ போஸ்ட் லிஃப்ட், ஒரு 5 எச்பி கம்ப்ரஸர், வெல்டிங் மெஷின், வாட்டர் வாஷ் பம்ப். "ஏனுங்ணா, தரையைக் கொத்தி பைப் பொதைச்சரலாம், பத்தாததுக்கு ஜங்ஷன் பாக்ஸ் இழுத்துக்கலாம்னு வயர்மேன் சொல்றாருங்ணா, சரிங்களா?"ன்னு கேட்டான். சரியில்லப்பா. ஏன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல, அந்தத் தரை எப்பேர்ப்பட்ட தரைன்னு பாருங்க. தண்ணி, டீசல், பிரேக் ஆயில், வெல்டிங் பொறி, இரும்பு உருளையோட நகர்ற ட்ராலி ஜாக்கி எல்லாம் அங்கதான். சாதா பிவிசி வயரோட தோல் ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் ஆனது இல்லை. நாள்பட ஊறி, இறுகி, வெடிச்சிடும். அதுக்கு மேல ஜாக்கி ஏறினா கதை முடிஞ்சுது. உடனே கறுப்பு டேப்பைச் சுத்தி "சரியாப் போச்சு"ம்பாங்க. ஈரத் தரையில டேப்பு எத்தனை நாளைக்கு நிக்கும்?

ரெண்டாவது பெட்ரோல் ஆவி. இது காத்தை விட மூணு நாலு மடங்கு கனம். மேல போகாது, தரையோட தரையாத் தவழ்ந்து பள்ளத்துல போய் உக்காந்துக்கும். அமெரிக்காவோட மின் விதித்தொகுப்புல கராஜுக்குன்னே 511ஆம் பிரிவு இருக்கு. சரியான காத்தோட்டம் இல்லாத ரிப்பேர் கராஜ்ல, தரையிலேர்ந்து 18 இஞ்ச் உயரம் வரைக்கும் ஆபத்தான பகுதின்னு அது சொல்லுது. நம்மூர்ல ஜங்ஷன் பாக்ஸ் கிடக்கறது சரியா அந்த 18 இஞ்சுக்குள்ளதான். லூஸா இருக்கற ஒரு பிளக்கைப் புடுங்கும்போது வர்ற சின்னப் பொறி போதும்.

மூணாவது, கொஞ்சம் கணக்கு. (ஓம்ஸ் லாதான், பயப்படாதீங்க.) 1 ஸ்கொயர் எம்எம் வயர்ல 25 மீட்டர் தூரம் இழுத்தா, போக வர 50 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.9 ஓம். 3 எச்பி சிங்கிள் பேஸ் கம்ப்ரஸர் ஓடும்போது 15 ஆம்பியர் எடுக்கும்னு வைங்க. வயர்லயே 13 வோல்ட் காலி, 200 வாட் சூடு. அதையும் சுருட்டி வெச்சா, சூடு வெளிய போக வழியில்லாம இன்சுலேஷன் உருகும். ஸ்டார்ட் ஆகும்போது 5 மடங்கு கரண்ட் இழுக்கும். மோட்டருக்கு 190 வோல்ட் போய்ச் சேர்ந்தா பெரிசு. டார்க் வோல்டேஜோட வர்க்கத்துல குறையறதால, மிஞ்சறது மூணுல ரெண்டு பங்கு. மோட்டர் முக்கும், முனகும், காயில் கருகும். "கம்பெனி மோட்டர் சரியில்லை"ன்னு திட்டிக்கிட்டே காயில் கட்டக் கொண்டு போவாங்க. அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்எம் போட்டா ஓடும்போது மூணரை வோல்ட்தான் குறையும்.

நாலாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். எம்சிபி வயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. உடம்பு வழியா 100 மில்லி ஆம்பியர் போனாலே உயிர் போகலாம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. அதுக்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மத்திய மின்சார ஆணையத்தோட 2010 பாதுகாப்பு விதிமுறையிலயே எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு பத்தி இருக்கு, 2023ல வந்த புது விதிமுறையிலயும் இருக்கு. மொத்த ஷெட்டுக்கும் ஒண்ணே ஒண்ணு மாட்டினா, வாஷிங் பம்ப் லீக்குக்கு லிஃப்டும் சேர்ந்து நிக்கும். ரெண்டு நாள் பார்த்துட்டு எவனாவது அதை பைபாஸ் பண்ணிடுவான். அதனால தனித்தனியாப் போடுங்க. எர்த் கம்பியும் வேணும், "ஆர்சிசிபி இருக்கே"ன்னு அதை விட்டுடாதீங்க.

சரி, அப்போ எப்படித்தான் போடறது? டிபியிலேர்ந்து சுவர் உச்சிக்கு ஏத்தி, கேபிள் ட்ரேயிலயோ ஜிஐ பைப்புலயோ கொண்டு போய், ஒவ்வொரு மெஷினுக்கும் தூணோட ஒட்டி இறக்கணும். இறங்கற இடத்துல கை எட்டற உயரத்துல ஒரு ஐசொலேட்டர். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி சர்க்யூட். கை மெஷினுக்கு மேலேர்ந்து தொங்கற ரீல்.

"வண்டி மேல ஏறும்போது இடிக்காதா?"ன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் நடுவுல தொங்க விடாம லிஃப்ட் தூணோடயே இறக்கச் சொல்றேன். "வாடகை ஷெட்டுக்கு எதுக்குய்யா இவ்ளோ செலவு?"ன்னும் கேக்கறாங்க. வாடகை ஷெட்டுக்குத்தான் இது ரொம்பப் பொருத்தம். தரையில பொதைச்சது ஓனருக்குப் போயிடும். ட்ரேயையும் கேபிளையும் போல்ட்டைக் கழட்டி அடுத்த ஷெட்டுக்கு நீங்களே எடுத்துட்டுப் போகலாம். நாளைக்கு ஒரு மெஷின் கூட வந்தாலும் தரையை மறுபடி உடைக்க வேணாம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2021ல மட்டும் இந்தியாவுல மின்சாரம் தாக்கிச் செத்தவங்க 12 ஆயிரத்துக்கும் மேல. ஷெட்டுல அந்த வரிசையில முதல்ல நிக்கறது யாரு? ஓனர் இல்லை, அவரு ஷூ போட்டு மேசைகிட்ட உக்காந்திருப்பாரு. வேலை கத்துக்க வந்து, ரப்பர் செருப்போட ஈரத்துல நின்னு வண்டி கழுவற பையன்தான். "வயர் பிஞ்சிருக்குண்ணே"ன்னு சொன்னா திட்டு விழுமோன்னு அவன் வாயைத் திறக்க மாட்டான். அதனாலதான் "பார்த்து நடந்துக்கச் சொல்லியிருக்கேன்"ங்கற பதிலை நான் ஒத்துக்கறதே இல்லை. அவன் பார்த்து நடக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி வயரிங் பண்றது, காசு போட்டு ஷெட் ஆரம்பிக்கறவரோட வேலை.

பி.கு: த்ரீ பேஸ் வேலையை லைசென்ஸ் இருக்கற ஆளை வெச்சுத்தான் பண்ணணும். இதைப் படிச்சுட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிட்டு நீங்களே கிளம்பிடாதீங்க, ப்ளீஸ்!