பால் பல்லுதானேன்னு சொல்றவங்களுக்கு...

"பால் பல்லுதானே, எப்படியும் விழுந்துடும், அதுக்கு எதுக்குச் செலவு?" பாலக்கரையில எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்த டயலாக் காதுல விழும். கேட்கும்போதெல்லாம் கொலைவெறி வருது மக்களே.

முதல்ல ஒரு விஷயம். ஆறு வயசுல வர்ற கடைவாய்ப் பல்லு பால் பல்லே கிடையாது. எந்தப் பல்லும் விழாமலேயே பின்வரிசையில சத்தமில்லாம முளைக்கும். அதைப் பால் பல்லுன்னு நெனச்சு சொத்தையாக விட்டா போச்சு, வேற பல்லு முளைக்காது. கடைவாய்ப் பால் பல்லும் பத்து, பன்னெண்டு வயசு வரைக்கும் இருந்தாகணும். அதுல சீழ் பிடிச்சா சாப்பாடு இறங்காது, தூக்கம் கிடையாது, ஸ்கூலும் போச்சு.

இப்ப காசுக் கணக்குக்கு வருவோம். ஒரு பிள்ளைக்குப் பட்டாணி அளவு ஃபுளூரைடு பேஸ்ட், அதாவது கால் கிராம். 200 பள்ளி நாளுக்கு 50 கிராம். கூட நாலு பிரஷ். கடை விலையிலேயே வருஷத்துக்கு நூறு ரூபாய் கிட்டதான் ஆகும். 2025 செப்டம்பர் 22-லருந்து ரெண்டுக்குமே ஜிஎஸ்டி 18-லருந்து 5 சதவீதமா இறங்கியாச்சு. அந்தப் பக்கம், கிளினிக்ல ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணி மூடி போட மூவாயிரம்னு வச்சுக்கங்க. அந்தக் காசுல முப்பது பிள்ளைங்க ஒரு வருஷம் பல் தேய்க்கலாம். தேய்ச்சாலும் சிலருக்குச் சொத்தை வரும், ஒத்துக்கறேன். ஆனா முப்பது பேர்ல ஒரே ஒரு பல்லைக் காப்பாத்தினாலே போட்ட காசு வந்துடுது! பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியும்: டிசைன்லயே பிடிச்ச பக் சல்லிசு, கஸ்டமர் கிட்ட போய் வெடிச்சா தாலி அந்துடும்.

அரசாங்கம் சும்மா இல்ல. ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல டாக்டர் குழு பள்ளிக்கே வந்து பல்லைப் பாக்குது. 2023-ல புதுக்கோட்டையில அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. நல்லதுதான். ஆனா பெரும்பாலும் சொத்தை விழுந்தப்புறம் நடக்குற வைத்தியம்தானே இது?

1982 ஜூலை 1-ல எம்ஜிஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சது நம்ம திருச்சி பாப்பாக்குறிச்சியிலதான். 2022-லருந்து காலை உணவும் போடறாங்க. சோறு போடத் தெரிஞ்ச ஊருக்கு, சாப்பிட்டதும் வரிசையில நிக்க வச்சு ரெண்டு நிமிஷம் பல் தேய்க்க வைக்கத் தெரியாதா? பிலிப்பைன்ஸ் பள்ளிகள்ல கை கழுவுறதோட சேர்த்து இதையும் பண்ண வச்சிருக்காங்க.

"ஃபுளூரைடு விஷம், தருமபுரியைப் பாரு"ன்னு ஒருத்தர் வருவார். அங்க வருஷக்கணக்கா தண்ணியோட வயித்துக்குள்ள போனதுதான் பிரச்னை. இது தேய்ச்சுத் துப்புறது. உலக சுகாதார நிறுவனமே 2021-ல ஃபுளூரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்தாச்சு. "தாத்தா ஆலங்குச்சியிலதான் தேய்ச்சார்"னு இன்னொருத்தர் வருவார். ஐயா, உங்க தாத்தாவுக்கு மூணு வேளையும் சாக்லேட் யாரும் வாங்கித் தரல.

உங்க தெரு அரசுப் பள்ளியில மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தா போய் இதைக் கேளுங்க. மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்மலாம். "பால் பல்லுதானே"ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, ப்ளீஸ்.