கடல்குதிரைக்கு வைத்தியம் எங்கே தொடங்க வேண்டும்?

அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பிக் கடல்குதிரைகளை வளர்க்கும் அன்பர்கள் அநேகர் இருக்கிறார்கள். நேற்றுவரை சிற்றிறாலைக் கண்டவுடன் தலையைச் சொடுக்கி உறிஞ்சிக்கொண்டிருந்த பிராணி, இன்று ஆகாரத்தை ஏறெடுத்தும் பாராமல் மூலையில் ஒதுங்கி நிற்பதைக் கண்டதும், அவர்களில் பலர் செய்யும் முதற்காரியம், கையில் அகப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை அந்தத் தொட்டியிலேயே கரைத்துவிடுவதுதான். அன்பின் மிகுதியாலேயே அவ்விதம் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ரோகம் இன்னதென்று நிர்ணயிக்காமல் ஔஷதம் கொடுப்பதை எந்த வைத்திய சாஸ்திரமும் ஒப்புக்கொள்வதில்லை. மனிதனுக்கு ஆகாத அந்த முறை, நோவைச் சொல்ல வாயில்லாத ஒரு ஜீவனுக்கு மட்டும் எப்படி ஆகும்? கடல்குதிரையின் நோயை விசாரிக்கப் புகுபவர் முதலில் விசாரிக்க வேண்டியது அது வாழும் ஜலத்தை. மருந்து அதற்குப் பின்னரே வரத்தக்கது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதன் சரீர அமைப்பைச் சற்றே அறிந்தவர்களுக்கும் இதன் நியாயம் விளங்கும். கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. குழல் போன்ற வாயால் உறிஞ்சப்பட்ட இரை, தங்கிச் சீரணமாக ஓர் இடமின்றிக் குடல் வழியே விரைந்து கடந்துவிடுவதால், அது சிறுகச் சிறுக ஓயாமல் தின்றுகொண்டிருக்க வேண்டியதாகிறது. ஆகவே, வளர்ப்பவர் மைசிஸ் என்னும் சிற்றிறாலைத் தினம் இரண்டு மூன்று வேளை இடுகிறார். தின்றது போக எஞ்சியது பாறையிடுக்கிலும் மணலிலும் கிடந்து அழுகுகிறது. அழுகலிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. விப்ரியோ என்னும் பாக்டீரியா இனம் அங்கே செழித்து வளர்கிறது. நீரின் உஷ்ணம் ஏற ஏற அக்கிருமிகளின் பெருக்கமும் ஏறுகிறது. வெப்பமண்டலத்து இனங்களைக்கூட 23 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத நீரில் வைத்துக்கொள்ளும்படி அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். கடலில் அவ்வினங்கள் அதைவிட வெதுவெதுப்பான நீரிலும் சுகமாக வாழ்கின்றனவே என்று கேட்கலாம். கடலில் மிச்ச இரை ஓரிடத்தில் கிடந்து அழுகுவதுமில்லை, நாற்புறமும் கண்ணாடியால் அடைபட்ட சிறிதளவு நீரில் கிருமிகள் பெருகுவதுமில்லை.

ஆதலால், பிராணி சோர்ந்துவிட்டது என்று தெரிந்த அந்த நேரத்திலேயே நீரைச் சோதித்துவிட வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சூன்யமாக இருக்கின்றனவா, உப்பின் அளவு மாறியிருக்கிறதா, நீரைக் குளிர்விக்கும் யந்திரம் இரவில் நின்றுபோய்விட்டதா என்று பார்த்தபின், பிராணியின் பக்கம் திரும்ப வேண்டும். அதுவும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். செவுள்மூடி வழக்கத்தைவிட விரைந்து துடிக்கிறதா, இரு கண்களும் தனித்தனியே சுழன்று இரையைத் தேடுகின்றனவா, வால் கிளையைப் பற்றியிருக்கிறதா அல்லது துவண்டு கிடக்கிறதா, தலையைச் சொடுக்கும் அந்த விசை தளர்ந்து இரை வாய்க்கு எட்டாமல் நழுவுகிறதா, வாய்க்குழலின் நுனி வீங்கியோ வெளுத்தோ இருக்கிறதா என்பவற்றையெல்லாம் கவனித்துக் குறித்துக்கொள்பவர், மருத்துவரிடம் போகும்போது பாதி வேலையை முடித்துக்கொண்டு போகிறார். நீரில் குற்றம் இருந்து, அதில் ஒரு பகுதியை மாற்றிய மாத்திரத்திலேயே பிராணி தெளிந்துவிடுவதும் உண்டு.

கடல்குதிரை வளர்ப்போரை மிகுதியும் கலங்கச் செய்வது வாயு நோய். வால் தோலுக்கடியில் கொப்புளங்களாகவும், கண்ணுக்குப் பின்னால் அதைப் பிதுக்கித் தள்ளும் குமிழியாகவும், ஆணின் பைக்குள் அடைபட்ட காற்றாகவும் அது தோன்றும். குஞ்சுகளைச் சுமக்கும் பை இந்த இனத்தில் ஆணுக்கு உரியது. அதில் காற்று நிறைந்துவிட்டால், பாவம், வால் மேலெழும்ப நீர்மட்டத்தில் மிதந்து, கீழே இறங்க முயன்று முயன்று அது களைத்துப்போகிறது. கைதேர்ந்த ஒருவர் அப்போது பிராணியை நீருக்குள்ளேயே ஒரு கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வயிறும் வாலும் சேருமிடத்தில் உள்ள பையின் திறப்பை முனை மழுங்கிய நுண்குழாயால் சிறிதளவே நெகிழ்த்தி, பையை அடியிலிருந்து மேல்நோக்கி விரல் நுனியால் வருடுகிறார். குமிழிகள் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. கையைத் தளர்த்தியதும் பிராணி தானே கீழிறங்கி ஒரு கிளையில் வாலைச் சுற்றிக்கொள்கிறது. காண்பவர்களுக்கு எல்லையற்ற ஆறுதல் தரும் காட்சி அது. ஆனால், சில நாட்களில் பை மறுபடியும் ஊதிக்கொண்டால், காற்றை அகற்றினோமே ஒழிய நோயை அகற்றவில்லை என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

இந்த வாயு எதனால் உண்டாகிறது என்பதில் மீன் வைத்தியர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. நீரிறைக்கும் பம்பின் இணைப்பில் உள்ள விரிசல் வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு நீரில் மிதமிஞ்சிக் கரைவது ஒரு காரணம் என்பர். தொட்டி ஆழமின்றி இருப்பதைச் சிலர் சொல்வர். கிருமித்தொற்றையும், ஓயாத அச்சத்தினால் உடலில் நேரும் மாறுதலையும் வேறு சிலர் சொல்வர். அசிட்டசோலமைடு என்னும் மருந்து, மனிதர்களின் கண்ணில் நீரழுத்தம் மிகும் நோய்க்குக் கொடுக்கப்படுவது, கடல்குதிரையின் வாயு நோய்க்கும் பயன்படுகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை அடக்கி வாயு சேர்வதை அது குறைக்கிறது. கூடவே பசியையும் கெடுக்கிறது. இரைப்பை இல்லாத பிராணிக்குப் பசியின்மை எவ்வளவு அபாயம் என்று சொல்லவேண்டியதில்லை. பம்பின் விரிசலை அடைக்காமல் மாத்திரையை மட்டும் நாடுபவர், மருந்தின் துன்பத்தைப் பிராணிக்குக் கொடுத்து நோயின் காரணத்தைத் தொட்டியிலேயே விட்டுவைக்கிறார்.

நுண்ணுயிர்க்கொல்லிகளின் விஷயம் இதைவிடக் கடுமையானது. தொட்டியின் வடிகட்டியில் குடியிருந்து, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றி நீரின் விஷத்தை முறிப்பவை பாக்டீரியாக்களே. மருந்து, பகைக்கிருமி இது, உதவி செய்யும் கிருமி இது என்று பாகுபாடு செய்வதில்லை. பிரதானத் தொட்டியில் அதைக் கொட்டியவருடைய நீரில் அம்மோனியா எழுகிறது. நோயுற்ற பிராணியோடு சுகமாக இருந்தவையும் சோர்கின்றன. அதைக் கண்டு மேலும் மருந்து கொட்டப்படுகிறது. மணலும் பாறையும் இல்லாத, பற்றிக்கொள்ள ஒரு பிடி மட்டும் உள்ள தனித்தொட்டியில் நோயாளியைப் பிரித்து வைத்து, நீரை அடிக்கடி மாற்றி, அங்கேயே சிகிச்சை செய்வதுதான் முறை. விப்ரியோவினால் வாலின் தோல் அரிக்கப்பட்டிருந்தால், புண்ணைத் துடைத்தெடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது மடியும் என்று ஆராய மருத்துவரால் முடியும். மேலும், யூரோனீமா போன்ற ஒட்டுண்ணிகளும் இதே விதமான புண்ணை உண்டாக்குகின்றன. தோலைச் சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிப்பட்டுவிடும் அந்த ஒட்டுண்ணியை, பாக்டீரியாவுக்கான மருந்து ஒன்றும் செய்யாது.

வளர்ப்பவரின் தேகத்தையே பாதிக்கக்கூடிய மைக்கோபாக்டீரியம் என்ற கிருமியும் உண்டு. க்ஷயரோகக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த அது, கடல்குதிரையை உள்ளுறுப்புகளில் முடிச்சுகள் தோன்றச் செய்து மெல்ல மெலிவிக்கிறது. கையில் சிறு கீறல் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிடுபவருக்கு எளிதில் ஆறாத தோற்புண்ணை உண்டாக்கவும் வல்லது. இதற்குக் கடல்குதிரையிடம் நம்பத்தக்க சிகிச்சை இல்லை. துன்பமின்றி அதன் வாழ்வை முடித்து, தொட்டியைக் கிருமிநீக்கம் செய்வதையே வைத்தியர்கள் சொல்கிறார்கள். இதை அறியாமல் மாதக்கணக்கில் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பவர், பிராணிக்கும் நன்மை செய்வதில்லை, தமக்கும் செய்துகொள்வதில்லை. இறந்த பிராணியைப் பரிசோதித்தால்தான் பல சமயங்களில் இது தெரியவரும். அதற்கு உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்து உடனே அனுப்ப வேண்டும், உறையவைத்தால் திசுக்கள் சிதைந்து சோதனை பயனற்றுப்போகும்.

பிரிட்டனில் மீன்களுக்கான நுண்ணுயிர்க்கொல்லியையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க இயலாது. அமெரிக்காவிலோ, அங்கீகாரம் பெறாத இத்தகைய மருந்துகள் பல ஆண்டுகளாகச் செல்லப்பிராணிக் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டு வந்தன. 2023 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் ஒன்பது நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மீனைப் பார்க்கும் மருத்துவர் பக்கத்தில் இல்லாதபோது நாங்கள் என்ன செய்வது என்று வளர்ப்போர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பரிகாரம் மருத்துவர்களைப் பெருக்குவதே. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மருந்து கலந்த நீர் சாக்கடையில் சேர்ந்து, மருந்துக்கு மடியாத கிருமிகளை வளர்க்கும்படி விடுவது பரிகாரமாகாது.

நம் நாட்டில் நிலை வேறு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைக் கடலிலும் வாழும் கடல்குதிரைகள், 2001ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2004 முதல் சர்வதேச வாணிபமும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கிறது. கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை பெரும்பாலும் உயிரற்ற இரையை ஏற்காமல் பட்டினியால் மடிகின்றன. ஹவாய்த் தீவின் கோனாவில் 1998 முதல் நடப்பது போன்ற பண்ணைகளில் பிறந்து, உறைந்த இரைக்குப் பழகியவையே தொட்டியில் நிலைக்கின்றன. ஆகையால், அழகுமீன் கடையில் யாரேனும் கடல்குதிரையைக் காட்டினால், அதை வாங்கிக் காப்பாற்றலாம் என்ற இரக்கத்துக்கும் இடம் கொடாமல், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். மற்ற மீன்களை வளர்க்கும் அன்பர்கள், மருந்து வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையேனும் அம்மோனியா, நைட்ரைட் சோதனைப் பொருள்களுக்குச் செலவிடும்படி வேண்டிக்கொள்கிறேன். நம் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் மீன்வளப் பல்கலைக்கழகமும், வீட்டில் மீன் வளர்ப்பவர் நோயுற்ற மீனையும் ஒரு புட்டி தொட்டிநீரையும் எடுத்துக்கொண்டு வந்து காட்டத்தக்க சோதனைச்சாலைகளை மாவட்டந்தோறும் அமைக்க முன்வர வேண்டும்.