பெட்டி இல்லாமலே பாடும் பலகை!

ஒலிபெருக்கி என்றால் பெட்டி வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். வீட்டில் பாட்டு கேட்க ஒரு பலகையே போதும்!

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் காற்றை இழுக்கிறது. வெறும் ஸ்பீக்கரைப் பாடவிட்டால், இரண்டும் விளிம்பில் கலந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். மிருதங்கத்தின் "தொம்" காணாமல் போகும். கீச்சுக் குரலே மிஞ்சும்.

நடுவே பலகைத் தடுப்பு வைத்தால் "தொம்" திரும்பி வரும். 1925-ம் ஆண்டில் இன்றைய ஸ்பீக்கருக்கு வழிவகுத்த அமெரிக்கப் பொறியாளர்கள் ரைஸ், கெல்லாக் இருவரும் இதை அப்போதே அறிந்திருந்தனர்.

8 அங்குல "புல் ரேஞ்ச்" ஸ்பீக்கர் ஒன்று வாங்குங்கள். மெல்லிய ஒலி, கனத்த ஒலி எல்லாவற்றையும் அது ஒன்றே பாடும். முக்கால் அங்குல பிளைவுட்டில் 2 அடி அகலம், 3 அடி உயரம் அறுக்க வேண்டும். ஸ்பீக்கர் துளை நட்டநடுவில் வேண்டாம். சற்று ஒதுங்கி இருக்கட்டும். பின்சுவரில் இருந்து 3 அடி தள்ளி நிறுத்துங்கள். சுவரை ஒட்டி வைத்தால் ஒலி கலங்கும்.

சினிமா வெடிச் சத்தம் இதில் அதிராது. அகலம் கூடினால் "தொம்" கூடும்; இடம் இல்லாவிட்டால் பக்கப் பலகைகளைப் பின்னோக்கி மடக்கலாம். ஆனால் பாடகரின் குரலும் வீணையும் பெட்டிக்குள் அடைபட்ட முழக்கம் இன்றித் தெளிவாக ஒலிக்கும். அதுதானே வேண்டும்?

பரணில் பழைய ரேடியோ ஸ்பீக்கர் கிடக்கிறதா? காந்தமும் கூம்பும் நன்றாக இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். அதுவும் பலகையில் பாடும். சத்தத்தை மட்டும் குறைத்தே வையுங்கள். இன்றைய ஆம்ப்ளிபயரின் முழு வேகத்தை அது தாங்காது.